பிரிட்டனில் முதலாண்டு: எந்த விடுதி, எத்தனை வாரம்

நேயர்களுக்கு வணக்கம்.

செப்டம்பரில் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் முதலாண்டு சேரப்போகும் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் இந்த உரை. எந்தப் பாடம், எந்தப் பல்கலைக்கழகம் என்று ஒரு வருஷம் யோசித்த குடும்பங்கள்கூட, தங்குமிடத்தை ஒரே மாலையில், இணையத்தில் நாலு படம் பார்த்து முடிவு செய்துவிடுகின்றன. படத்தில் எல்லா அறையும் ஒன்றுபோலத்தான் இருக்கும்: கட்டில், மேசை, ஜன்னல், ஓரத்தில் ஒரு செடி. எத்தனை வாரத்துக்கு வாடகை, சமையலறை எத்தனை பேருக்குப் பொது, படிக்கும் கட்டடம் எவ்வளவு தூரம், நடுவில் விலக நேர்ந்தால் பணம் என்னவாகும் என்பதெல்லாம் அதே பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். அந்த ஆண்டு எப்படிப் போகும் என்பதைத் தீர்மானிப்பவை அவைதான்.

காலக்கெடுவிலிருந்து தொடங்குகிறேன். பல பல்கலைக்கழகங்கள் முதலாண்டு மாணவருக்கு விடுதியில் இடம் உறுதி என்று சொல்கின்றன. அந்த உறுதிக்கு நிபந்தனைகள் உண்டு. பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும் பொது அமைப்பான யூகாஸில் அந்தப் பல்கலைக்கழகத்தை முதல் தேர்வாக, அதாவது ஃபர்ம் சாய்ஸாக, ஏற்றிருக்க வேண்டும். விடுதி விண்ணப்பத்தையும் தனியாக, குறித்த தேதிக்குள் அனுப்பியிருக்க வேண்டும். சேர்க்கை உறுதியானால் விடுதியும் தானாக வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு அந்தத் தேதியைத் தவறவிடுபவர்கள் நிறையப் பேர். இன்ஷூரன்ஸ் சாய்ஸாக, அதாவது மாற்றுத் தேர்வாக, வைத்திருந்த இடத்துக்குப் போக நேர்ந்தாலும், ஆகஸ்ட் நடுவில் பள்ளி இறுதித் தேர்வான ஏ லெவல் முடிவு வந்தபிறகு, மீதமுள்ள இடங்களை நிரப்பும் கிளியரிங்கில் இடம் கிடைத்தாலும், இந்த உறுதி பல இடங்களில் செல்லாது. அவர்கள் முடிவு வந்த அன்றே விடுதி அலுவலகத்தைத் தொடர்புகொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அறைகளை முதலில் வந்தவருக்கு முதலில் என்று கொடுக்கிறார்களா, அல்லது கடைசித் தேதிவரை காத்திருந்து எல்லா விண்ணப்பத்தையும் மொத்தமாகப் பிரிக்கிறார்களா? முதல் வகை என்றால் விண்ணப்பம் திறக்கும் அன்றே போட வேண்டும். இரண்டாம் வகை என்றால் அவசரம் வேண்டாம், விருப்பப் பட்டியலை யோசித்து நிரப்பலாம். அந்தப் பட்டியலில் எல்லாக் கட்டத்தையும் விலை உயர்ந்த அறைகளாலேயே நிரப்பாதீர்கள். அவை தீர்ந்துவிட்டால், பாக்கி இருப்பதில் ஒன்று உங்களைக் கேட்காமலே ஒதுக்கப்படும். உங்களால் கட்ட முடிகிற வாடகையில் இரண்டாவது பட்டியலில் இருக்கட்டும்.

அடுத்து இடம். பல்கலைக்கழகத்தின் பெயரை வைத்து ஊரை முடிவு செய்யக்கூடாது. வாரிக் பல்கலைக்கழகம் வாரிக் ஊரில் இல்லை, கோவென்ட்ரி நகரின் ஓரத்தில் இருக்கிறது. எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தின் பென்ரின் வளாகம் கார்ன்வாலில், எக்ஸிட்டர் நகரிலிருந்து நெடுந்தொலைவில் இருக்கிறது. நாட்டிங்ஹாமில் உயிரியல், கால்நடை மருத்துவம் சார்ந்த படிப்புகள் பல சட்டன் பானிங்டன் என்ற தனி வளாகத்தில் நடக்கின்றன. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் வகுப்புகள் பெரும்பாலும் சவுத் கென்சிங்டனில். அதன் பெரிய விடுதிகள் சில அங்கிருந்து தள்ளி, நார்த் ஆக்டனில். மான்செஸ்டரில் ஃபாலோஃபீல்டு விடுதிகளிலிருந்து வகுப்புக்குப் பலர் பேருந்தில்தான் போகிறார்கள். ஆகவே உங்கள் துறைக் கட்டடத்தின் அஞ்சல் குறியீட்டைக் கேட்டு வாங்குங்கள். அதையும் விடுதியின் குறியீட்டையும் வரைபடத்தில் போட்டு, ஒரு திங்கள்கிழமை காலை எட்டேகால் மணிக்கு எவ்வளவு நேரம் காட்டுகிறது என்று பாருங்கள். பேருந்து என்றால் செலவையும் கூட்டுங்கள். ஒரு வழிக்கு 3 பவுண்டு, போக வர 6, வாரம் 5 நாள், 30 வாரம் என்றால் 900 பவுண்டு. மாணவர் பாஸ் எடுத்தால் குறையும். சில விடுதிகளில் வாடகையோடு பஸ் பாஸும் சேர்ந்தே வரும்.

இனி வாடகை. இங்கே வாடகையை வாரக் கணக்கில் சொல்வார்கள். அதை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். வாரம் 165 பவுண்டு, 40 வார ஒப்பந்தம் என்றால் மொத்தம் 6,600. வாரம் 150 பவுண்டுதான், ஆனால் 51 வாரம் என்றால் 7,650. மலிவாகத் தெரிந்த அறைக்கு ஆயிரம் பவுண்டுக்கு மேல் கூடுதலாகிறது. பல்கலைக்கழக விடுதிகளில் இளநிலை மாணவருக்கு 40 வாரத்தை ஒட்டிய ஒப்பந்தம் வழக்கம். தனியார் விடுதிகளில் 44 முதல் 51 வாரம் வரை போகும். கோடையில் ஊருக்குத் திரும்புகிறவருக்கு அந்தக் கூடுதல் வாரங்கள் பூட்டிக் கிடக்கும் அறைக்குக் கட்டும் பணம். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகளில் இது தலைகீழ். பருவம் ஒன்றுக்கு எட்டு வாரம்தான். பல கல்லூரிகளில் விடுமுறை வந்தால் அறையைக் காலி செய்து பெட்டிகளைக் கிட்டங்கியில் வைக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு ஊர் திரும்பாத வெளிநாட்டு மாணவர், விடுமுறையில் தங்க அனுமதி உண்டா, அதற்குத் தனி வாடகையா என்று முன்பே கேட்க வேண்டும்.

தொகை எந்த அளவில் இருக்கும் என்று ஒரு கணக்குச் சொல்கிறேன். யூனிபோல், ஹெப்பி என்ற இரு அமைப்புகள் செய்த ஆய்வுப்படி, லண்டனுக்கு வெளியே 10 பல்கலைக்கழக நகரங்களில் 2023-24இல் சராசரி ஆண்டு வாடகை 7,566 பவுண்டு. லண்டனில் 2024-25இல் 13,595 பவுண்டு. அந்த ஆண்டு லண்டனில் வீட்டைவிட்டுத் தங்கிப் படிக்கும் இங்கிலாந்து மாணவருக்கு அரசு தரும் பராமரிப்புக் கடனின் உச்சவரம்பே 13,348தான். கடன் முழுதும் வாடகைக்கே போதாத நிலை. லண்டனில் வீடு இருந்து, கல்லூரியும் ரயிலில் முக்கால் மணிக்குள் என்றால், முதலாண்டு வீட்டிலிருந்தே போய்வருவதில் குறைவொன்றும் இல்லை.

விடுதி வாடகையில் மின்சாரம், தண்ணீர், சூடேற்றும் செலவு, இணையம் ஆகியவை பெரும்பாலும் அடங்கும். துவைக்கும் இயந்திரத்துக்கு ஒவ்வொரு முறையும் தனியாகக் கட்ட வேண்டும். முழுநேர மாணவர்கள் மட்டும் வசிக்கும் இடத்துக்கு, உள்ளாட்சி மன்றம் வீடுகளுக்கு விதிக்கும் கவுன்சில் வரி கிடையாது. பகிர்ந்து தங்கும் வீட்டில் வேலைக்குப் போகிற ஒருவர் இருந்தால் அந்த விலக்கு போய்விடும், வீட்டுக்கு வரி பில் வரும்.

அட்டாச்டு பாத்ரூம் வேண்டும் என்று பெற்றோர் பலர் பிடிவாதமாக இருப்பார்கள். வாரத்துக்குப் பல பவுண்டு கூடும் இந்த வசதியில், அதைக் கழுவிச் சுத்தம் செய்கிற வேலையும் பிள்ளையுடையதே. பொதுக் குளியலறை உள்ள பல விடுதிகளில் பணியாளர்கள் வந்து சுத்தம் செய்கிறார்கள். நான்கைந்து பேருக்கு ஒரு குளியலறை என்றால் தாராளமாக எடுக்கலாம். மிச்சமாகும் பணத்தில் வகுப்புக்கு அருகில் இடம் எடுப்பது மேல்.

சமையலறை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நம் வீட்டுச் சாப்பாட்டை நம்பிப் போகிறவர்கள் அதிகம் என்பதால். ஐந்து முதல் எட்டுப் பேருக்கு ஒரு சமையலறை என்பது வழக்கம். பழைய விடுதிகளில் பன்னிரண்டு பேர்கூட உண்டு. ஒருவருக்குக் குளிர்பெட்டியில் ஒரு தட்டு, ஃப்ரீசரில் ஒரு டிராயர், ஒரு அலமாரி என்றுதான் கிடைக்கும். ஒரு வாரத்துக்கு மாவு அரைத்து வைக்கலாம் என்ற திட்டம் அதில் அடங்காது. அடுப்பு எந்த வகை என்று கேளுங்கள். இண்டக்ஷன் என்றால் ஊரிலிருந்து கொண்டுபோகும் அலுமினியக் குக்கர், பித்தளை, இண்டாலியம் சட்டி எதுவும் சூடேறாது. பாத்திரத்தின் அடியில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் வேலை செய்யும். சில விடுதிகளில் அடுப்புக்கு டைமர் பொத்தான் இருக்கும். குறித்த நேரம் முடிந்ததும் தானாக அணைந்துவிடும், பருப்பு பாதி வெந்து நிற்கும்.

தீ எச்சரிக்கை மணிதான் பெரிய சிக்கல். பொதுச் சமையலறைக்குள் வழக்கமாக வெப்பத்தை உணரும் கருவி இருக்கும். நடைபாதையிலும் படுக்கையறையிலும் புகையை உணரும் கருவி. மிளகாய் வற்றல் போட்டுத் தாளிக்கும்போது கதவு திறந்திருந்தால் புகை நடைபாதைக்குப் போகும், மணி அடிக்கும், கட்டடத்திலுள்ள அத்தனை பேரும் நள்ளிரவானாலும் வெளியே போய் நிற்க வேண்டியிருக்கும். சமையலறைக் கதவு தானாக மூடும் தீத்தடுப்புக் கதவு. அதற்கு நாற்காலி முட்டுக் கொடுத்துத் திறந்து வைப்பது விதிமீறல். கருவியைப் பிளாஸ்டிக் பையால் மூடுவது அதைவிடப் பெரிய குற்றம், அபராதத்தோடு ஒழுங்கு நடவடிக்கையும் வரும். கதவை மூடி, ஜன்னலைத் திறந்து, மேலே இருக்கும் புகைபோக்கி விசிறியைப் போட்டு, எண்ணெய் புகையும் முன்பே கடுகைப் போடுங்கள். ரைஸ் குக்கரைப் படுக்கையறையில் வைக்கப் பல விடுதிகள் விடுவதில்லை. சமையலறையில் வைக்கலாமா, மின்பாதுகாப்புச் சோதனை கேட்பார்களா என்று வாங்குவதற்கு முன் விசாரியுங்கள். ஸ்டூடியோ எடுப்பவருக்கு அடுப்பும் கட்டிலும் ஒரே அறையில். குழம்பு வாசனை துணியில் ஏறும், குளிர்காலத்தில் ஆவி சுவரில் படிந்து பூஞ்சை பிடிக்கும். வாடகையிலும் அதுதான் உச்சம். முதலாண்டில் யாரையும் பார்க்காமல் தனி அறையில் அடைந்து கிடப்பதும் நல்லதல்ல.

சாப்பாட்டோடு சேர்ந்த விடுதி என்றால் வாரத்துக்கு எத்தனை வேளை என்று எண்ணிப் பாருங்கள். பல இடங்களில் காலையும் இரவும் மட்டும். சில இடங்களில் சனி, ஞாயிறு கிடையாது. தவறவிட்ட வேளைக்குப் பணம் திரும்பாது. மாலை ஆய்வுக்கூடம் உள்ள படிப்பு என்றால், இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு முடிகிறது என்றும் பாருங்கள்.

தனியார் விடுதிக்குப் போகிறவர்கள் ஒப்பந்தத்தில் விலகல் பகுதியை முதலில் படியுங்கள். விசா மறுக்கப்பட்டால், மதிப்பெண் குறைந்து இடம் கிடைக்காமல் போனால், பணம் திரும்பும் என்று பல நிறுவனங்கள் வாக்குறுதி தருகின்றன. அதற்கு ஆதாரத்தோடு இத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற கெடு இருக்கும். கெடு தாண்டினால் ஆண்டு முழுவதற்கும் வாடகை உங்கள் தலையில். சேர்ந்தபின் பிடிக்கவில்லை என்றால், உங்கள் அறையை எடுத்துக்கொள்ள வேறொரு மாணவரைக் கண்டுபிடித்தால்தான் விடுபட முடியும். பல்கலைக்கழக விடுதிகளிலும் ஏறக்குறைய இதே நிலைதான். தனியார் விடுதிகளில் பெரும்பாலும் பிரிட்டனில் வசிக்கும் ஜாமீன்தாரர் ஒருவரையும் கேட்பார்கள். ஜாமீன் கையெழுத்துப் போடும் சித்தப்பாவோ மாமாவோ, வாடகை நின்றால் தாம் கட்ட வேண்டும் என்பதைத் தெரிந்தே போட வேண்டும்.

இங்கிலாந்தில் தனியார் வீடுகளுக்குச் சட்டம் மாறியிருக்கிறது. 2026 மே 1 முதல், வீட்டுக்காரர் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்கூட்டிக் கேட்க முடியாது. பல்கலைக்கழக விடுதிகளுக்கும், அரசு ஏற்ற நெறிமுறையில் பதிவான பெரிய தனியார் விடுதிகளுக்கும் இது பொருந்தாது. வீட்டு டெபாசிட் ஐந்து வார வாடகைக்கு மேல் போகக்கூடாது. வாங்கிய 30 நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் போட்டு உங்களுக்கு விவரம் தர வேண்டும். லண்டனில் ஈஸ்ட் ஹாம், வெம்ப்ளி, ஹாரோ பக்கம் நம்மவர் வீடுகளில் ஓர் அறை எடுத்துத் தங்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: வீட்டுக்காரரும் அதே வீட்டில் வசித்தால் இந்த டெபாசிட் பாதுகாப்பு கிடையாது, குறுகிய அவகாசத்தில் காலி செய்யவும் சொல்லலாம். தெரிந்தவர் வீடானாலும் வாடகை, டெபாசிட், காலி செய்யும் அவகாசம், சமையலறையை எந்நேரம் பயன்படுத்தலாம் என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

பார்க்காத வீட்டுக்குப் பணம் அனுப்பாதீர்கள். சாவியைத் தபாலில் அனுப்புகிறேன், நான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன், இன்றைக்கே டெபாசிட் போட்டால்தான் அறை உங்களுக்கு என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் விசாவுக்கு வாடகை ஒப்பந்தம் காட்ட வேண்டியதில்லை. செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும்: லண்டனில் மாதம் 1,529 பவுண்டு, மற்ற இடங்களில் 1,171, அதிகபட்சம் 9 மாதத்துக்கு, 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருக்க வேண்டும். விடுதிக்காகப் பல்கலைக்கழகத்துக்கே கட்டிய தொகையை ஒரு வரம்புவரை இதில் கழித்துக்கொள்ளலாம். தனியார் விடுதிக்கு நேராகக் கட்டியது கழியாது.

விமான டிக்கெட் எடுக்கும் முன் ஒப்பந்தம் தொடங்கும் தேதியையும், சாவி கொடுக்கும் அலுவலகம் எத்தனை மணிவரை என்பதையும் பாருங்கள். கட்டிலின் அளவையும் கேளுங்கள். 90 சென்டிமீட்டர் அகலக் கட்டிலும் உண்டு, 120உம் உண்டு. விரிப்பு மாறிப்போனால் மெத்தையில் நிற்காது. அறைக்குள் நுழைந்ததும் பெட்டியைத் திறக்குமுன் சுவர், மெத்தை, தரைவிரிப்பு, ஜன்னல் தாழ்ப்பாள் எல்லாவற்றையும் படமெடுத்து, கொடுக்கும் பொருள்பட்டியலில் குறைகளை எழுதிக் கெடுவுக்குள் அனுப்புங்கள். ஜூனில் டெபாசிட்டில் கை வைக்கும்போது அந்தப் படங்கள்தான் பேசும்.

சேர்ந்த சில வாரங்களிலேயே, அக்டோபர், நவம்பரில், அடுத்த ஆண்டு வீட்டுக்குக் கையெழுத்துப் போடச்சொல்லி ஏஜெண்டுகள் நெருக்குவார்கள். அறிமுகமாகி ஒரு மாதமே ஆன நான்கு பேரோடு கூட்டு ஒப்பந்தம் போட்டால், அதில் ஒருவர் வாடகை கட்டாதபோது மற்ற நால்வரிடமும் கேட்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தை மாணவர் சங்கத்தின் ஆலோசனை மையத்தில் காட்டுங்கள். வரிவரியாகப் பார்த்துச் சொல்வார்கள், கட்டணம் இல்லை. வணக்கம்.