லூசியின் வீட்டுக்கூடத்தை எப்படிப் பார்க்க வேண்டும்? – ஜேம்ஸ்டவுன் அருங்காட்சியகம்

[திரையில்: ஷட்டாக்வா ஏரி, அதன் தென்கிழக்கு முனையில் ஜேம்ஸ்டவுன் நகரம்]

வணக்கம். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், மன்ஹாட்டனின் பரபரப்பிலிருந்து வெகு தொலைவில், மாநிலத்தின் மேற்குக் கோடியில் ஜேம்ஸ்டவுன் என்ற சிறிய நகரம் இருக்கிறது. மரச்சாமான் உற்பத்திக்குப் பெயர் பெற்றிருந்த அந்த ஊரில் 1911 ஆகஸ்ட் 6 அன்று பிறந்தவர்தான் நடிகை லூசில் பால். அவரும் அவருடைய கணவர் டெசி அர்னாஸும் இணைந்து நடித்த "ஐ லவ் லூசி" என்ற நகைச்சுவைத் தொடர், 1951 அக்டோபர் 15 முதல் 1957 மே 6 வரை சிபிஎஸ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. இருவரின் நினைவாகவும் 1996ஆம் ஆண்டு இந்த ஊரில் திறக்கப்பட்ட லூசில் பால் டெசி அர்னாஸ் அருங்காட்சியகத்தைப் பற்றியதுதான் இந்த வீடியோ.

உடைகள், விருதுகள், புகைப்படங்கள் என்று ஒரு நடிகையின் அருங்காட்சியகத்தில் நாம் எதிர்பார்க்கும் எல்லாமே அங்கே உண்டு. அவற்றைப் பார்த்து மகிழ்வதற்கு யாருடைய துணையும் தேவையில்லை. துணை தேவைப்படுவது, முழு அளவில் மறுபடியும் கட்டி வைக்கப்பட்டிருக்கும் அந்த வீட்டுக்கூடத்தின் முன்னால் நிற்கும்போதுதான். கதையில் லூசி, ரிக்கி ரிக்கார்டோ தம்பதி வாழ்ந்த அந்தக் கூடத்தைப் பழைய நினைவாக மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்தால், அங்கே பார்க்க வேண்டியவற்றில் பாதியைத் தவறவிட்டவர்கள் ஆவோம். அது ஒரு வேலைக்களம். அதன் ஒவ்வொரு பக்கமும் ஒரு தேவைக்காக அமைந்தது.

[திரையில்: வீட்டுக்கூட செட்டின் வரைபடம், முன்பக்கம் சுவர் இல்லை]

முதலில் சோபாவுக்கு எதிரே, சுவர் இருக்க வேண்டிய இடத்தில் போய் நில்லுங்கள். படப்பிடிப்பின்போது அந்தத் திறந்த பக்கத்தில் மூன்று கேமராக்கள் நகர்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால், படிப்படியாக உயர்ந்த இருக்கைகளில் ஏறத்தாழ முந்நூறு பேர் உட்கார்ந்து நாடகத்தைப் பார்த்தார்கள். தொடரில் நாம் கேட்கும் சிரிப்பு அவர்களுடைய சிரிப்புதான். அதனால் நடிகர்கள் கதையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை வரிசையாக, மேடை நாடகம் போலவே நடிக்க வேண்டியிருந்தது. சிரிப்பு எழுந்தால் அது அடங்கும்வரை காத்திருந்து, அடுத்த வசனத்தைச் சரியான நொடியில் எடுக்க வேண்டியிருந்தது. லூசில் பாலின் காலக்கணிப்பை எல்லோரும் புகழ்கிறோம். அந்தக் கணிப்பு எதிரில் இருந்த மனிதர்களோடு அவர் நடத்திய உரையாடல் என்பது இந்த இடத்தில் நிற்கும்போது புரிகிறது.

அடுத்து, தலையைத் தூக்கி மேலே பாருங்கள். அசல் செட்டில் விளக்குகள் ஏறக்குறைய எல்லாமே மேலே தொங்கின. தரையில் விளக்குக் கம்பங்களை நட்டால் மூன்று கேமராக்களும் தடையின்றி நகர முடியாது. திரைப்படத்தில் நெருக்கக் காட்சிக்கு ஒரு விதமாகவும் தொலைக் காட்சிக்கு இன்னொரு விதமாகவும் ஒளியை மாற்றி அமைக்க நேரம் உண்டு. இங்கே மூன்று கோணங்களும் ஒரே சமயத்தில் பதிவாவதால், எந்தக் கோணத்துக்கும் பொருந்துகிற ஒரே சீரான ஒளி தேவைப்பட்டது. இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் கார்ல் ஃபிராய்ண்ட். ஜெர்மனியில் "மெட்ரோபோலிஸ்" படத்துக்கு ஒளிப்பதிவு செய்து, பின்னர் ஹாலிவுட்டில் ஆஸ்கரும் பெற்ற அந்த மேதை, வாராந்தர நகைச்சுவைத் தொடர் ஒன்றுக்கு வந்து உழைத்தார் என்பதே எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. நடுவில் இருந்த கேமரா முழுக் காட்சியையும், இருபுறக் கேமராக்கள் முகங்களையும் எடுத்தன. கறுப்பு வெள்ளையில் வெளிச்ச வேறுபாடு அத்துமீறாமல் இருக்க, செட்டின் சுவர்களுக்குச் சாம்பல் நிறத்தின் பல சாயல்களைப் பூசினார்கள்.

[திரையில்: ஒரே வசனம், மூன்று கோணங்களில் அடுத்தடுத்து]

படத்தொகுப்பாளர் டான் கானுக்கு மூன்று படச்சுருள்களையும் ஒருசேர ஓட்டிப் பார்க்கும் கருவி ஒன்று தரப்பட்டது. அதற்கு அவர்கள் வைத்த பட்டப்பெயர் "மூன்று தலை அசுரன்". மூன்று கேமரா முறையையே இந்தத் தொடர்தான் கண்டுபிடித்தது என்று அடிக்கடி சொல்லப்படுவது சரியன்று. ஒன்றுக்கு மேற்பட்ட கேமராக்களில் படமெடுக்கும் முயற்சிகள் அதற்கு முன்பே நடந்திருந்தன. 35 மி.மீ. படச்சுருள், மூன்று கேமராக்கள், நேரில் அமர்ந்த பார்வையாளர்கள் ஆகிய மூன்றையும் வாராவாரம் தவறாமல் ஒன்றுசேர்த்து, அதையே பிற்காலத்து நகைச்சுவைத் தொடர்களின் வழக்கமாக நிலைநிறுத்தியதுதான் இவர்களுடைய சாதனை.

இவ்வளவு செலவு பிடிக்கும் வழியை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? புரவலரான பிலிப் மாரிஸ் சிகரெட் நிறுவனம், தொடரை நியூயார்க்கிலிருந்து நேரலையாக ஒளிபரப்ப வேண்டும் என்று விரும்பியது. நேரலை நிகழ்ச்சியைத் திரையிலிருந்து படம்பிடித்து மற்ற ஊர்களுக்கு அனுப்பும் கினெஸ்கோப் பிரதிகள் மங்கலாக இருந்தன; பார்வையாளர்களில் பெரும்பாலோர் நாட்டின் கிழக்குப் பகுதியில் இருந்ததால், லாஸ் ஏஞ்சலஸில் நிகழ்ச்சியை நடத்தி அவர்களுக்கு மங்கல் பிரதி போவதை அந்த நிறுவனம் ஏற்கவில்லை. தம்பதியோ லாஸ் ஏஞ்சலஸை விட்டு நகர மனமில்லாமல், எல்லோருக்கும் ஒரே தரத்தில் போய்ச் சேரும்படி படச்சுருளிலேயே எடுத்துத் தருகிறோம் என்றார்கள். கூடுதல் செலவை ஈடுகட்ட வாரத்துக்கு 1,000 டாலர் ஊதியத்தை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக அந்தப் படச்சுருள்களின் உரிமையைத் தங்கள் டெசிலு நிறுவனத்துக்கு வாங்கிக்கொண்டார்கள். நேற்றைய நிகழ்ச்சிக்கு நாளை மதிப்பிருக்கும் என்று தொலைக்காட்சியில் அநேகமாக யாரும் நினைத்திராத காலம் அது. மறுஒளிபரப்பு என்ற வணிகம் வேர்விட்டபோது அந்த உரிமை பொன்னாயிற்று. சிபிஎஸ்ஸுக்கு அதைப் பல லட்சம் டாலருக்கு விற்ற டெசிலு, 1957இல் ஆர்கேஓ என்ற ஹாலிவுட் திரைப்பட நிறுவனத்தின் படப்பிடிப்புத் தளங்களையே விலைக்கு வாங்கியது.

டெசி அர்னாஸின் பங்கை இந்த இடத்தில் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கியூபாவிலிருந்து புலம்பெயர்ந்து வந்த இசைக்கலைஞர் அவர். ஓர் அமெரிக்கப் பெண்ணின் கணவராக அவரை மக்கள் ஏற்பார்களா என்று சிபிஎஸ் தயங்கியதால், தம்பதி 1950இல் ஊர் ஊராக மேடை நிகழ்ச்சி நடத்தி அந்தத் தயக்கத்தைப் போக்கினார்கள். பின்னர் தயாரிப்பை முன்னின்று நடத்தியவரும் அவரே. அருங்காட்சியகத்தின் பெயரில் இருவரும் இடம்பெற்றிருப்பது மிகவும் நியாயமானது.

[திரையில்: மேசை, மருந்துப் புட்டி, தேக்கரண்டி]

குழந்தைகளோடு போகிறவர்கள் அதிக நேரம் செலவிடப் போகும் இடம் விட்டமீட்டவெஜமின் மூலைதான். 1952 மே 5 அன்று ஒளிபரப்பான அத்தியாயத்தில், லூசி விட்டமீட்டவெஜமின் என்ற சத்து மருந்துக்கான தொலைக்காட்சி விளம்பரத்தில் நடிக்கிறாள். ஒத்திகைக்கு ஒத்திகை ஒரு கரண்டி மருந்தை விழுங்க வேண்டும். அதில் 23 சதவீதம் மதுசாரம் இருப்பது அவளுக்குத் தெரியாது. முதல் கரண்டியில் முகம் கோணுகிறது, அந்தக் கோணலை மறைக்கப் புன்னகையை வலிந்து வரவழைக்கிறாள். போகப்போகப் புன்னகை தானாகவே வருகிறது, நாக்குதான் குழறுகிறது. அதே அமைப்பு இங்கே பார்வையாளர்களுக்காகத் தயாராக இருக்கிறது. வசனத்தைப் பார்த்துப் படித்தபடி நீங்களும் நடித்துப் பார்க்கலாம். தயவுசெய்து கூச்சப்படாமல் செய்து பாருங்கள். அந்த மருந்தின் பெயரைத் தடுமாறாமல் சொல்வதே கடினம். தடுமாற்றத்தைப் படிப்படியாக அளந்து கூட்டிக்கொண்டே போவது எத்தகைய பயிற்சி என்பது அப்போது விளங்கும்.

1953 ஜனவரி 19 அன்று ஒளிபரப்பான பிரசவ அத்தியாயத்தையும் இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கருவுற்ற பெண்ணைத் திரையில் காட்டவே அஞ்சிய காலத்தில், அந்தக் கதைகளைப் பாதிரியார், போதகர், யூத மதகுரு ஆகிய மூவரிடம் காட்டி ஒப்புதல் பெற்றார்கள். கதையில் குழந்தை பிறந்த அதே நாளில் லூசில் பாலுக்கும் உண்மையிலேயே மகன் பிறந்தான். ஏறத்தாழ 4.4 கோடிப் பேர் அந்த அத்தியாயத்தைப் பார்த்தார்கள். மறுநாள் ஐசனாவர் அதிபராகப் பதவியேற்றதைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு.

ஒரே நாளில் முடிக்க நினைப்பவர்கள், 2018இல் இதே ஊரில் திறக்கப்பட்ட தேசிய நகைச்சுவை மையத்துக்கும் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். லூசில் பாலின் அஸ்தி அடக்கம் செய்யப்பட்ட லேக் வியூ கல்லறைத் தோட்டமும் இந்த ஊரில்தான் இருக்கிறது. ஆகஸ்டில் அவர் பெயரால் நகைச்சுவைத் திருவிழா நடப்பதால், அந்த நாட்களில் போவதானால் தங்குமிடத்தை முன்கூட்டியே பதிவுசெய்துவிடுங்கள். புறப்படுவதற்கு முன் அந்தச் சத்து மருந்து அத்தியாயத்தை இரண்டு முறை பாருங்கள்: முதல் முறை கதைக்காகவும், இரண்டாம் முறை எந்த வசனத்தில் எந்தக் கேமராவுக்குப் படம் மாறுகிறது என்பதற்காகவும்.