ஆள் நடக்காத பாதையை மூடிவிடலாம்! இங்கிலாந்தில் உங்கள் கால்கள் தேவைப்படும் இடங்களைக் கண்டுபிடிப்பது எப்படி?

[திரையில்: இடுப்பளவு புதர், நடுவே சாய்ந்து நிற்கும் "பொதுப் பாதை" பலகை]

கூட்டம் தாங்காமல் மலை நாசமாகிறது, ஏரிக்கரை குப்பையாகிறது என்று எத்தனையோ வீடியோ பார்த்திருப்பீர்கள். இது அதற்கு நேர் எதிர். ஆள் வராததால் அழிந்துகொண்டிருக்கிற பாதைகளின் கதை. பொதுப் பாதை என்றால், தனியார் நிலத்தின் வழியே போனாலும் யார் வேண்டுமானாலும் நடக்க உரிமையுள்ள வழி. இங்கிலாந்தில் அப்படி ஒரு பாதையை "இது மக்களுக்குத் தேவைப்படவில்லை" என்று சொல்லி மூடுவதற்கு உள்ளூர் நிர்வாகமான கவுன்சில் உத்தரவு போடலாம். 1980ஆம் வருஷத்து நெடுஞ்சாலைச் சட்டம், 118ஆவது பிரிவு. நம்பாதவர்கள் வீடியோவை நிறுத்திவிட்டுத் தேடிப் பாருங்கள், நான் இங்கேயேதான் இருப்பேன்.

உடனே பயந்துவிடாதீர்கள். யாரும் நடக்கவில்லை என்பதற்காக மட்டும் ஒரு பாதையின் உரிமை தானாகப் போய்விடாது, நூறு வருஷம் சும்மா கிடந்தாலும் அது பொதுப் பாதைதான். ஆனால் மூட வேண்டும் என்று பேச்சு வரும்போது, இதை எந்த அளவுக்கு மக்கள் பயன்படுத்துவார்கள் என்றுதான் பார்ப்பார்கள். முள், வேலி போன்ற தற்காலிகத் தடையால் ஆள் வரவில்லை என்றால் அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. நல்ல விஷயம். ஆனால் அங்கே முள் இருக்கிறது என்று யாராவது போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டுமே!

பின்கதையை வேகமாக முடித்துவிடுகிறேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 2,25,000 கிலோமீட்டர் பொதுப் பாதைகள் இருக்கின்றன, பூமியை ஐந்து சுற்றுக்கு மேல் சுற்றலாம். இவற்றைப் பதிவு செய்யச் சொன்னது 1949ஆம் வருஷச் சட்டம். பதிவில் விட்டுப்போனவை ஏராளம். ராம்ப்ளர்ஸ் என்ற நடையாளர் அமைப்பு 2020இல் தன்னார்வலர்களை வைத்துப் பழைய வரைபடங்களையும் இன்றைய வரைபடத்தையும் ஒரு கிலோமீட்டர் சதுரம் சதுரமாக ஒப்பிட வைத்தது. விட்டுப்போனதாகக் கிடைத்த பாதைகளின் நீளம் 49,000 மைல். பின்கதை அவ்வளவுதான்.

சரி, இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி.

[திரையில்: ஆர்டனன்ஸ் சர்வே வரைபடம், ஆரஞ்சு அட்டை]

பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் ஆரஞ்சு அட்டை போட்ட எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தை எடுங்கள். அதில் பச்சைப் புள்ளிக்கோடுகள் இருக்கும். அவை சட்டம் தந்த பாதைகள். உற்றுப் பார்த்தால் பல இடங்களில் பச்சைக்குப் பக்கத்திலேயே மெல்லிய கறுப்புக் கோடு ஒன்றும் ஓடும். கறுப்பு என்றால், அளக்க வந்தவர்கள் கண்ணுக்குத் தரையில் ஒரு தடம் தெரிந்தது என்று அர்த்தம். இப்போது யோசியுங்கள்: பச்சை மட்டும் இருக்கிறது, கறுப்பு இல்லை என்றால்? உரிமை இருக்கிறது, தடம் இல்லை! நம் ஊரில் புலப்படத்தில் வண்டிப்பாதை என்று இருக்கும், நேரில் போனால் தென்னந்தோப்பு நிற்குமே, அதே கதைதான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு என்னால் எந்த வரைபடத்தையும் நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை, கண் தானாகவே கறுப்பில்லாத பச்சையைத் தேடுகிறது.

அப்புறம் இரண்டாவது சல்லடை. ஓட்டத்தையும் நடையையும் பதிவு செய்கிற ஸ்ட்ராவா செயலியின் வெப்ப வரைபடத்தைத் திறந்து அதே இடத்தைப் பாருங்கள். ஆட்கள் ஓடுகிற, நடக்கிற தடமெல்லாம் அதில் ஒளிரும். 2018 ஜனவரியில் ஆப்கானிஸ்தான், சிரியா பாலைவனங்களில் ராணுவ முகாம்களின் சுற்றுச்சுவர் ஓரமெல்லாம் ஒளிர்ந்து உலகமே பார்த்ததே, வீரர்கள் ஜாக்கிங் போனதால் மாட்டிக்கொண்டார்களே, அதே வரைபடம்தான். அங்கே வெளிச்சம்தான் செய்தி, நமக்கு இருட்டுதான் செய்தி. பச்சைக் கோடு இருந்து, கறுப்பும் இல்லாமல், ஸ்ட்ராவாவிலும் இருட்டாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் போகிறோம். ஒரு எச்சரிக்கை: ஸ்ட்ராவா போடாமல் நாயோடு தினமும் நடக்கிற உள்ளூர்ப் பெரியவர்கள் எந்த வரைபடத்திலும் வர மாட்டார்கள், அதனால் இருட்டு என்றால் ஆளே இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது.

மலைக்குத்தான் போக வேண்டும் என்றும் இல்லை. மலைகளுக்கு விசிறிகள் ஏராளம். இரண்டு கிராமத்துக்கு நடுவே வயலைக் கடக்கிற, இன்ஸ்டாகிராமில் போட ஒன்றுமே இல்லாத பாதைகள்தான் பாவம்.

வயல் என்றதும் நம் ஆட்களுக்கு ஒரு தயக்கம் வரும். பச்சைப் பயிரில் கால் வைப்பதா? பாட்டி இருந்தால் முதுகுத் தோலை உரித்திருப்பாள். ஆனால் இங்கே விஷயம் தலைகீழ். வயலின் குறுக்கே பாதை போனால், உழுத பிறகு 14 நாளுக்குள் விவசாயி அதைத் திரும்பச் சரிசெய்து தர வேண்டும், குறைந்தது ஒரு மீட்டர் அகலம் விட வேண்டும், பயிர் அதை மறைக்கக் கூடாது. 1990ஆம் வருஷச் சட்டம். அவர் விடவில்லை, கோதுமை தொடை உயரம் நிற்கிறது என்றால், பாதை போகும் கோட்டிலேயே பயிருக்குள் நடக்க உங்களுக்கு உரிமை உண்டு. மரியாதைக்காக வரப்போரமாகச் சுற்றிப் போனால் அதுதான் அத்துமீறலாக ஆகலாம்! நல்ல பிள்ளையாக இருந்தால் சிக்கல், பயிரை மிதிப்பது உரிமை, இப்படி ஒரு சட்டத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நடங்கள், போதும். நாலு பேர் போனாலே கோடு விழுந்துவிடும், அடுத்து வருபவருக்கு அதுவே வழி.

கத்தரி எடுத்துப் போகலாமா? சின்ன தோட்டக் கத்தரி தாராளமாக. நடந்து போகிறவர் தான் கடப்பதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு முள்ளை விலக்கலாம். வெட்டுவதற்காகவே அரிவாளோடு கிளம்பிப் போனால் அந்தப் பாதுகாப்பு கிடையாது, உற்சாகத்தில் அதைச் செய்துவிடாதீர்கள்.

போகிற மாதமும் முக்கியம். பிப்ரவரியில் போனால் எல்லாப் பாதையும் ஒழுங்காகத்தான் தெரியும். ஜூன், ஜூலையில் பட்டாலே எரிகிற நெட்டில் செடி தோள் வரை வளர்ந்திருக்கும், அப்போது அரைக்கால் சட்டையில் போகாதீர்கள். கன்றோடு நிற்கிற பசுக்களிடமிருந்து விலகியே போங்கள், அதில் விளையாட்டு வேண்டாம்.

திரும்பி வந்ததும் கவுன்சில் இணையதளத்தில் புகார் போடுங்கள், புகைப்படமும், வரைபடத்தில் அந்த இடத்தைக் காட்டும் கட்டக் குறியீட்டு எண்ணும் சேர்த்து. பாதையைத் தடையில்லாமல் வைத்திருப்பது அவர்களுடைய சட்டப் பொறுப்பு. பணமோ கொஞ்சம்தான், ஆகவே புகார் வராத பாதை பட்டியலில் கடைசிக்குப் போய்விடும் என்பது என் கணிப்பு. நீங்கள் ஹாரோவிலோ மில்டன் கீன்ஸிலோ இருந்தால் உங்கள் வீட்டுப் பக்கத்துக் கறுப்பில்லாத பச்சைக் கோடு ஒன்றை கமெண்டில் போடுங்கள், ஒரு கூட்டமாகவே போய்விடலாம்.

ஸ்காட்லாந்தில் இருப்பவர்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அங்கே 2003ஆம் வருஷச் சட்டப்படி, பொறுப்போடு நடந்துகொண்டால் பெரும்பாலான நிலத்தில் எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம், வரைபடத்தில் இந்தப் பச்சைக் கோடே போட மாட்டார்கள். ஸ்ட்ராவா இருட்டை மட்டும் வைத்துத் தேடுங்கள்.