ஈரமான நார் ஃபில்டரை எப்படிக் கணக்கிடுவது?

காரைக்குடியிலிருந்து ஒரு பொறியியல் மாணவர் கேட்டிருக்கிறார்: "ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் பறக்கும் தூசியைப் பிடிக்க, ஈரமான நார் ஃபில்டர் வைக்கலாம் என்று திட்டம். காய்ந்த ஃபில்டருக்கான சமன்பாட்டிலேயே, தண்ணீர்ப் படலத்தின் அளவுக்கு இழையின் விட்டத்தைக் கூட்டிப் போட்டால் போதுமா சார்?"

போதாது தம்பி. காய்ந்த ஃபில்டருக்கு, குவாபாரா என்ற ஜப்பானிய ஆய்வாளர் 1959-ல் தந்த கணித மாதிரி (model) நன்றாக வேலை செய்யும். ஒவ்வோர் இழையையும் சுற்றி ஒரு காற்று வளையத்தை வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம். ஆனால் தண்ணீர் இழைமேல் சீராகப் படிந்து நிற்காது. பரப்பு இழுவிசை அந்தப் படலத்தை முத்து முத்தாக உடைத்துவிடும். மீதித் தண்ணீர், இழைகள் ஒன்றையொன்று குறுக்கிடும் மூலைகளுக்குப் போய்ச் சேரும். ஒரு துண்டை நனைத்து லென்ஸில் பாருங்கள். மூலையில் தேங்கிய தண்ணீர் சில இடங்களில் துளையையே சவ்வு மாதிரி மூடியிருக்கும், பக்கத்து இழை வெறுமனே இருக்கும்.

துளை அடைபட்டால், அந்தக் காற்றும் திறந்திருக்கும் துளை வழியாகத்தான் போயாக வேண்டும். அங்கே வேகம் கூடும், அழுத்த இழப்பும் ஏறும். தூசி பிடிப்பதும் மாறும். 0.1 மைக்ரானுக்குக் கீழே உள்ள துகள் அலைந்து திரிந்து இழையில் ஒட்டுவது. வேகம் கூடினால் அதற்கு நேரம் கிடைக்காமல் தப்பிவிடும். ஒரு மைக்ரானுக்கு மேலே இருப்பது வளைவில் திரும்ப முடியாமல் நேராகப் போய் மோதும், அதனால் இன்னும் நன்றாகச் சிக்கும். ஈரத்தில் பட்டது துள்ளி வெளியேறாது என்பது கூடுதல் லாபம்.

அதனால் விட்டத்தை விட்டுவிட்டு, இழைகளுக்கு இடையிலுள்ள காலி இடத்தில் எத்தனை பங்கு தண்ணீர் என்று பாருங்கள். நனைப்பதற்கு முன்னும் பின்னும் எடை போட்டால் தெரிந்துவிடும். ஃபில்டர் நிமிர்ந்து நின்றால் அடிப்பக்கம்தான் அதிகம் ஊறியிருக்கும். மேல், நடு, கீழ் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் டார்சி விதிப்படி (துளைகள் வழியாகப் போகும் காற்றின் வேகமும் அழுத்த இழப்பும் நேர்விகிதம் என்னும் விதி) தனித்தனி ஊடுருவு திறன், அதாவது காற்றை எவ்வளவு எளிதாக விடும் என்ற எண், கொடுங்கள். அந்த எண்ணைப் புத்தகத்தில் தேட வேண்டாம். அழுத்த வேறுபாட்டைக் காட்டும் யு வடிவக் குழாய் மானோமீட்டர் வைத்து நீங்களே அளந்துவிடுங்கள்.

முக்கியமான இன்னொன்று. அந்தப் பட்டறையில் பறப்பது நிறப்பொடி மட்டுமில்லை, சிமென்டும்தான். ஈர நாரில் சிக்கிய சிமென்ட் அங்கேயே இறுகிவிடும், அப்புறம் எந்தக் கணித மாதிரியும் பொருந்தாது. சிமென்ட் கொட்டும் இடத்தில் காய்ந்த துணிப்பை ஃபில்டர் வையுங்கள். ஈர நாரை நிறம் கலக்கும் மேசைப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.