கையே ரெசிஸ்டர்

வணக்கம். மைக் கத்துகிறது என்று யாரும் ஒயரைத் தேட வேண்டாம். மைக் நன்றாகத்தான் இருக்கிறது. கத்துவது என் கையில் இருக்கும் இந்த பிரெட்போர்டு, அதாவது உதிரிபாகங்களைச் செருகி இணைக்கும் ஓட்டைப் பலகை. இதோ, வெளிச்சத்துக்கு ஏற்ப மின்தடை மாறும் இந்த எல்.டி.ஆரை விரலால் மூடுகிறேன், குரல் கம்முகிறது. விரலை எடுத்தால் மறுபடி கீச்சென்று ஏறுகிறது.

உள்ளே பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. 40106 என்று 14 கால் ஐ.சி. சிப் ஒன்று, ஒரு கெபாசிட்டர், இந்த எல்.டி.ஆர்., 9 வோல்ட் பேட்டரி. மின்சாரத்தைத் தண்ணீர் என்றும், கெபாசிட்டரை வாளி என்றும், எல்.டி.ஆரைக் குழாய் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். வாளி ஓரளவு நிரம்பியதும் ஐ.சி. 'போதும்' என்று தண்ணீரை அதே குழாய் வழியாக இறக்கிவிடும். கொஞ்சம் இறங்கியதும் மறுபடி நிரப்பும். இது நொடிக்கு 440 முறை நடந்தால், மேற்கத்திய இசைக்காரர்கள் வாத்தியம் சுருதி சேர்க்கும் அந்த 'ஏ' ஸ்வரம். இருட்டில் எல்.டி.ஆரின் தடை கூடும், அதாவது குழாய் குறுகும். வாளி நிரம்ப நேரமாகும், ஸ்வரம் இறங்கும். இதே ஐ.சி.க்குள் இப்படி ஆறு வாளிக்கு இடமிருக்கிறது. ஆறையும் ஒன்றாகக் கத்தவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிடுவார், அது வேறு விஷயம்.

இதைச் செய்யக் கற்றுத்தரும் என் முதல் பட்டறையில் ஒரு தப்பு செய்தேன். எல்லாவற்றையும் நானே சால்டர் செய்து, பேட்டரி மட்டும் மாட்டினால் போதும் என்று கொடுத்துவிட்டேன். பத்தாவது நிமிடம் எல்லாருக்கும் சத்தம் வந்தது. பதினோராவது நிமிடம் எல்லார் கையிலும் போன். இப்போது உதிரியாகத்தான் கொடுக்கிறேன். சிலர் பேட்டரியைத் தலைகீழாக மாட்டுவார்கள், ஐ.சி. சுடும். சரி, அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு ஒன்று. இரண்டு டீ காசு போனால் போகட்டும், அப்புறம் அந்தப் பிள்ளைக்கு பிளஸ் எது மைனஸ் எது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மின்சாரத்தால் ஒலி உண்டாக்கும் வாத்தியமான சிந்தசைசர் என்றாலே நினைவுக்கு வரும் பாப் மூக், பள்ளியில் படிக்கும்போதே வீட்டில் தெரமின் என்ற, தொடாமலே வாசிக்கும் மின் வாத்தியத்தைச் செய்து பார்த்தவர். 1954-ல், 19 வயதில், அதை எப்படிச் செய்வது என்று பத்திரிகையில் எழுதினார். பிறகு உதிரிபாகங்களைப் பெட்டியில் போட்டும் விற்றார். வாங்கியவர்கள் தாங்களே கோத்துக்கொள்ள வேண்டும். அவருடைய சிந்தசைசர் வந்தது அதற்கெல்லாம் பிறகு, 1964-ல்.

எனக்குப் பிடித்த கட்டம் எல்.டி.ஆரைக் கழற்றும்போதுதான் வரும். அந்த இடத்தில் இரண்டு வெறும் ஒயரை நீட்டிவிட்டு, கெபாசிட்டரையும் சின்னதாக மாற்றிவிடுவேன். கைக்கொன்றாக ஒயரைப் பிடித்தால் நம் உடம்பே ரெசிஸ்டர், அதாவது அந்தக் குழாய். அழுத்திப் பிடித்தால் ஸ்வரம் ஏறும். பயத்தில் உள்ளங்கை வியர்த்திருந்தால் இன்னும் ஏறும். இரண்டு பேர் கைகோத்து ஆளுக்கு ஒரு ஒயரைப் பிடித்தால் இறங்கும். எட்டுப் பேர் சேர்ந்தால் ஸ்வரமெல்லாம் போய் 'டுர்ர்' என்று உறுமும். நடுவில் யாராவது கையை விட்டால் பாட்டு நின்றுவிடும்!

இதற்குச் சுவரில் செருகும் அடாப்டரை யாரும் எடுக்கக் கூடாது. ஸ்பீக்கர் உட்பட எல்லாம் பேட்டரிதான். இதில் மட்டும் நான் கறார்.

முன் வரிசையில் இருக்கும் நீங்கள் இரண்டு பேரும் மேடைக்கு வாருங்கள். கையைத் துடைக்க வேண்டாம், அப்படியே வாருங்கள்.