எல்லாம் 'கோல்டு'தான், ஆனால் பொடி வேறு: பாலிமர் கிளேவுக்கு மைக்காவா, மெட்டல் பவுடரா?

(திரையில்: வெள்ளைத் தட்டில் இரண்டு சின்ன டப்பாக்கள். இரண்டிலும் தங்க நிறப் பொடி.)

வணக்கம். இந்த இரண்டு டப்பாவையும் பாருங்கள். இடது பக்கம் இருப்பது ரெசின் ஆர்ட் சாமான் விற்கிறவர்களிடம் ஆன்லைனில் வாங்கியது. வலது பக்கம் இருப்பது, இரும்பு கேட்டுக்கும் ஜன்னல் கிரில்லுக்கும் வார்னிஷில் கலந்து அடிப்பார்களே, அந்த கோல்டு பவுடர், நம் வேலூர் லாங் பஜார் பக்கம் பெயின்ட் கடையில் கேட்டால் பொட்டலமாகவே கிடைக்கும். கேமராவில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிகிறது, இரண்டு டப்பா மேலேயும் 'கோல்டு' என்றுதான் ஒட்டியிருக்கிறது. ஆனால் ஒன்று கல், மற்றது உலோகம். ஓவனில் சுட்டால் இறுகும் செயற்கைக் களிமண்ணான பாலிமர் கிளேவில் கம்மல் செய்யப் போகிறீர்களா, கொலுவுக்கு பொம்மை செய்யப் போகிறீர்களா என்பதைப் பொறுத்து எந்த டப்பாவைத் திறக்க வேண்டும் என்பது மாறும், அதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம்.

முதலில் இடது டப்பாவில் இருக்கும் மைக்கா. நம் ஊரில் காக்காப்பொன் என்று சொல்லுவோமே, அதே அப்பிரகம்தான். காட்பாடியில் ரயில் ஏறினால் திருப்பதி, ரேணிகுண்டா தாண்டி கூடூர் வருகிறதல்லவா, அந்தக் கூடூர் பக்கம் நெல்லூர் மைக்கா ரொம்பப் பிரபலம். ஏடு ஏடாக உரியும் அந்தக் கல்லைக் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னச் சின்னத் தகடாக உடைத்து, ஒவ்வொரு தகட்டின் மேலும் டைட்டானியம் டை ஆக்சைடை மெல்லிசாகப் பூசுகிறார்கள். இதில் அழகு என்னவென்றால், பூச்சு எவ்வளவு தடிமன் என்பதை வைத்தே நிறம் மாறும். சுமார் 50 நானோமீட்டர் இருந்தால் வெள்ளி மாதிரி மின்னும், தடிமன் ஏற ஏற மஞ்சள், சிவப்பு, நீலம், பச்சை என்று போகும், சாயம் எதுவுமே சேர்க்காமல். தங்க நிறமும் செம்பு நிறமும் வேண்டும் என்றால் கூடவே இரும்பு ஆக்சைடும் சேர்ப்பார்கள், அதாவது துரு. உங்கள் தங்க ஜிமிக்கியின் பளபளப்பு பாதி கல், பாதி துரு என்று சொன்னால் யாராவது நம்புவார்களா?

இந்தக் கூட்டு ஓவன் சூட்டுக்கு அசையாது. பாலிமர் கிளேவை நாம் பிராண்டைப் பொறுத்து 110 முதல் 135 டிகிரி செல்சியஸ் வரைதான் சுடுகிறோம், கேட்டோ கிளே மட்டும் 150 வரை கேட்கும். மைக்காவுக்கு அது ஒரு சூடே இல்லை. காற்று பட்டோ வியர்வை பட்டோ கறுக்காது, ஏற்கனவே ஆக்சைடாக இருப்பதால் இனிமேல் துருப்பிடிக்க அதில் ஒன்றும் மிச்சம் இல்லை.

(திரையில்: வலது பக்க டப்பா, நெருக்கத்தில்)

இப்போது இந்த மெட்டல் பவுடர். பெயரைப் பார்த்துத் தங்கம் என்று யாரும் ஏமாற மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். இது செம்பும் துத்தநாகமும் கலந்த பொடி, பித்தளைதான். சில்வர் பவுடர் என்று விற்பது அலுமினியம். ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு 2007-இல் கும்பாபிஷேகம் ஆனது, செம்புத் தகட்டின் மேல் தங்கத் தாளை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்தது, இத்தனை வருட வெயிலிலும் மழையிலும் அது மின்னுகிறது என்றால் மேலே இருப்பது நிஜத் தங்கம், அது காற்றோடு சேராது. பித்தளைப் பொடி அப்படி இல்லை. குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்காமல் ஒரு மாதம் விட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும், அதேதான் இதற்கும். விளக்கையாவது தேய்க்கலாம், கம்மல் மேல் ஒட்டியிருக்கும் பொடியைப் புளி போட்டுத் தேய்த்தால் பொடியே போய்விடும்.

அதற்காக மெட்டல் பவுடர் மட்டம் என்று நான் சொல்லவில்லை. சொல்லப்போனால் உலோகம் மாதிரித் தெரிவதில் மைக்கா அதற்குப் பக்கத்தில்கூட வர முடியாது. மைக்கா கொஞ்சம் கண்ணாடித்தனமாக, அடியில் இருக்கும் கிளே நிறம் ஊடே தெரியும்படிதான் மின்னும். பித்தளைப் பொடி மொத்தமாக மூடிவிடும், வார்ப்புச் சிலை மாதிரி இருக்கும். அதனால் கொலு பொம்மையின் கிரீடம், போட்டோ ஃப்ரேம், சுவரில் மாட்டும் பிள்ளையார், இப்படித் தோல் படாமல் ஓரிடத்தில் உட்காரும் சாமானுக்கு மெட்டல் பவுடரைத் தாராளமாகப் போடுங்கள், மேலே வார்னிஷ் மட்டும் விடுபடாமல் அடியுங்கள். கம்மல், டாலர், வளையல், மோதிரம் என்றால் மைக்கா, வேறு பேச்சே இல்லை. சித்திரை வெயிலில் நம் ஊரில் நாற்பது டிகிரி தாண்டுகிறது, கழுத்தில் கிடக்கும் டாலர் வியர்வையில் ஊறும், வார்னிஷ் ஓரிடத்தில் லேசாக விட்டாலும் செம்பு பச்சை பூத்துவிடும், அந்தப் பச்சை வெள்ளைச் சுடிதாரிலும் இறங்கும்.

சரி, டப்பாவில் 'கோல்டு' என்று மட்டும் போட்டிருந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? லேபிளின் பின்பக்கம் பாருங்கள், அல்லது விற்பவரிடம் பொருள் பட்டியல் கேளுங்கள். சி.ஐ. என்று போட்டு ஐந்து இலக்க எண்கள் இருக்கும், 'கலர் இண்டெக்ஸ்' என்ற நிறமிப் பட்டியலின் எண்கள் அவை. 77019 மைக்கா. 77891 டைட்டானியம் டை ஆக்சைடு. 77491, 77492, 77499 மூன்றும் இரும்பு ஆக்சைடு. இவை மட்டும் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 77400 இருந்தால் செம்பு அல்லது வெண்கலப் பொடி (நம் பித்தளைப் பொடியும் இதில்தான் வரும்), 77000 இருந்தால் அலுமினியம். 77 என்று தொடங்குவதெல்லாம் கனிம நிறமிகள், பொதுவாகச் சூட்டையும் வெளிச்சத்தையும் தாங்கும். வேறு எண்ணில் தொடங்கினால் ஒரு நிமிடம் நில்லுங்கள். 75470 கார்மைன், பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு, வெயிலில் வெளுக்கும். 19140, 42090 எல்லாம் சாயங்கள். அந்தப் பிங்க், ஊதா, கிளிப்பச்சை என்று கண்ணைப் பறிக்கும் டப்பாக்களில் பெரும்பாலும் இப்படி ஏதாவது இருக்கும், சோப்புக்கும் லிப் பாமுக்கும் அது போதும், ஜன்னல் ஓரம் தொங்கும் சாமானுக்குப் போதாது.

'ஃப்ளோரோஃப்ளோகோபைட்' என்று வாயில் நுழையாத ஒரு பெயர் இருந்தால் பயப்பட வேண்டாம், அது ஆலையில் செய்த மைக்கா. இயற்கை மைக்காவில் கலந்திருக்கும் லேசான பழுப்பு இதில் இருக்காது, அதனால் வெள்ளையும் நீலமும் இன்னும் பளிச்சென்று வரும். விலை கூடுதல். ஜார்க்கண்ட் மைக்கா சுரங்கங்களில் சின்னப் பிள்ளைகள் வேலை செய்வது பல வருடமாகப் பேசப்படுகிற விஷயம், அந்தக் காரணத்துக்காகவே இதை வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். நான் வெள்ளைக்கு இதைத்தான் வாங்குகிறேன்.

(திரையில்: கண்ணாடி டம்ளரில் தண்ணீர், ஒரு சிட்டிகை பொடி)

லேபிளே இல்லையா? வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு சிட்டிகை பொடியைத் தண்ணீரில் போட்டு நன்றாகக் கலக்கி, அப்படியே விட்டுவிடுங்கள். பொடி அடியில் இறங்கின பிறகு மேலே தண்ணீர் நிறமாக நின்றால் அதில் சாயம் இருக்கிறது. இன்னொரு சிட்டிகையை எலுமிச்சைச் சாறும் உப்பும் கலந்து நனைத்து ராத்திரி முழுவதும் வையுங்கள். பித்தளைப் பொடியாக இருந்தால் காலையில் பச்சை தட்டும், மைக்கா அப்படியே கிடக்கும்.

அப்புறம் துகள் அளவு. இதை யாரும் கவனிப்பதே இல்லை, ஆனால் பாதி விஷயம் இங்கேதான் இருக்கிறது. பதினைந்து மைக்ரானுக்கு (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே இருந்தால் பட்டுத் துணி மாதிரி மழமழவென்று வரும், அடியில் இருப்பதையும் நன்றாக மூடும். 10 முதல் 60 வரை என்று போட்டிருந்தால் முத்துப் பளபளப்பு, எல்லாவற்றுக்கும் பொதுவானது. நூறு தாண்டினால் தனித்தனிப் புள்ளியாக மினுக்கும். கோயில் நகை டிசைன் மோல்டில் அழுத்திச் செய்கிற கம்மலுக்குப் பொடி எவ்வளவு நைசோ அவ்வளவு நல்லது, பெரிய துகள் போட்டால் லட்சுமியின் முகம் ஜிகினா முகமாகிவிடும்.

ஜிகினா என்றதும் ஞாபகம் வருகிறது, ஃபேன்ஸி ஸ்டோர் கிளிட்டர் வேறு, மைக்கா வேறு. கிளிட்டர் பிளாஸ்டிக் தாளை வெட்டியது, அதில் சில வகை, ஓவன் சூட்டில் சுருண்டு நிறம் விட்டுவிடும். எம்பாஸிங் பவுடர் என்று விற்பது சூட்டில் உருகவே செய்த பொடி, அதுவும் வேண்டாம். கோலப்பொடி பற்றியும் கேட்கிறார்கள், அது கல்மாவில் சாயம், மின்னாது. பழைய ஐ ஷேடோ இருந்தால் உடைத்துப் போடலாம், அதில் மைக்காதான் இருக்கிறது, டால்க்கும் எண்ணெயும் சேர்ந்திருப்பதால் பளபளப்பு கொஞ்சம் கம்மி.

(திரையில்: கறுப்பு, வெள்ளை, செங்கல் நிறக் கிளே துண்டுகள், மேலே ஒரே பொடி)

இதைப் பாருங்கள், மூன்றிலும் ஒரே டப்பா பொடிதான். வெள்ளை மேல் போட்டது வெளிறிக் கிடக்கிறது. கறுப்பு மேல் போட்டது பழைய நகை மாதிரி, பள்ளத்தில் கறுப்பும் மேட்டில் தங்கமுமாக நிற்கிறது. செங்கல் நிறத்தின் மேல் போட்டால் தங்கம் சூடாக, அசல் பவுன் மாதிரி தெரிகிறது. தங்கத் தாள் ஒட்டுகிற ஃப்ரேம் வேலைக்காரர்கள் காலகாலமாக அடியில் சிவப்பு மண் பூசுவது இதனால்தான். இன்டர்ஃபெரன்ஸ் என்று ஒரு வகை உண்டு, டப்பாவில் வெறும் வெள்ளைப் பொடியாகத்தான் இருக்கும், கறுப்பு மேல் தடவினால் மயில் கழுத்து மாதிரி நீலமோ பச்சையோ எழும்பும், வெள்ளை மேல் தடவினால் காசு தண்டம். ஆக, பொடிக்குச் செலவு செய்யும் முன்னால் ஒரு நல்ல கறுப்புக் கிளே வாங்குங்கள்.

பூசுவது சுலபம். சுடாத கிளே தானாகவே பொடியைப் பிடித்துக்கொள்ளும், பசை வேண்டாம். விரல் நுனியில் துளி எடுத்து, உதறிவிட்டு, மேட்டில் மட்டும் தேய்த்தால் போதும். மோல்டுக்குள் முதலில் பொடி தடவிவிட்டால் கிளே ஒட்டாமல் கழன்றும் வரும். வெயில் காலத்தில் கிளே வெண்ணெயாக இளகிப் பொடியை அளவுக்கு மீறி இழுக்கும், அதனால் மே மாதம் காலை வேளையிலேயே வேலையை முடிப்பது நல்லது. பொடியைக் கிளேவுக்குள் கலந்து பிசையவும் செய்யலாம், ஆனால் டிரான்ஸ்லூசென்ட் கிளேவில், அதாவது வெளிச்சம் ஊடே போகிற நிறமில்லாத கிளேவில் மட்டும். வெள்ளையில் பிசைந்தால் பாதி டப்பா காலியாகும், பளபளப்பு வராது. ஏர் ட்ரை கிளே, சுட்ட டெரகோட்டா இரண்டும் பொடியைத் தானாகப் பிடிக்காது, வார்னிஷில் குழைத்து பிரஷ்ஷால்தான் அடிக்க வேண்டும்.

வேலை செய்யும்போது ஃபேனை நிறுத்துங்கள். வேலூரில் இருந்துகொண்டு இதைச் சொல்வது எனக்கே கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் பொடி நைஸ் என்றால் நுரையீரல் வரைக்கும் போகிற நைஸ். என்95 மாஸ்க் போடுங்கள், மேஜையை ஈரத் துணியால் துடையுங்கள், துடைப்பத்தால் கூட்டாதீர்கள். அலுமினியப் பொடி காற்றில் பறக்கும்போது நெருப்பு பட்டால் தீப்பிடிக்கும், அதை கேஸ் அடுப்பு இருக்கும் அறையில் திறக்கவே வேண்டாம்.

சுட்டு ஆறின பிறகு வார்னிஷ். தண்ணீரில் கரையும் பாலியூரிதேன் வார்னிஷ் மெல்லிசாக இரண்டு கோட். நெயில் பாலிஷ் வேண்டாம், கிளேவோடு சேர்ந்து பல நாள் கழித்தும் பிசுபிசுக்கும். மைக்காவை இந்த வார்னிஷில் கலந்து பெயின்ட் மாதிரி வைத்துக்கொள்ளலாம், மெட்டல் பவுடரைக் கலந்து வைக்காதீர்கள். பித்தளை பச்சையாகும், அலுமினியம் தண்ணீரோடு சேர்ந்து ஹைட்ரஜன் வாயுவை விடும், மூடின பாட்டில் உப்பிவிடும்.

முதல் தடவை வாங்குகிறவர்கள் அந்த இருபத்துநாலு கலர் செட்டை விட்டுவிடுங்கள், அதில் முக்கால்வாசி டப்பா திறக்காமலே கிடக்கும். தங்கம், ஆன்டிக் வெண்கலம், செம்பு, முத்து வெள்ளை, நான்கும் மைக்காவில், பத்துப் பத்து கிராம். பத்து கிராம் என்பது பார்க்கக் கொஞ்சம், கம்மலுக்குத் தடவ ஆரம்பித்தால் வருடக்கணக்கில் வரும். வாங்கின அன்றே கறுப்பு, வெள்ளை, டிரான்ஸ்லூசென்ட் மூன்றிலும் ஒவ்வொரு பொடியையும் காசளவு தடவிச் சுட்டு, பின்னால் பெயரையும் அந்த சி.ஐ. எண்ணையும் கீறி, ஒரு நூலில் கோத்து மாட்டிவிடுங்கள்.