ஜூனில் பிறந்தவர்கள்: சந்தேகங்களுக்கு விளக்கம்

முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார். புள்ளியியலில் முதுகலை முடித்தவர். சென்னையில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பயிற்சி ஆக்சுவரியாகச் சேரப்போகிறார். காப்பீட்டில் ஆபத்தைக் கணக்குப் போட்டுச் சொல்பவர்தான் ஆக்சுவரி. படித்த கணக்கெல்லாம் முதல் நாளிலிருந்தே தேவைப்படுமா, வேலை பார்த்துக்கொண்டே ஆக்சுவரி தேர்வுகளையும் எழுத முடியுமா என்கிறார். இரண்டு நாளாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

முதல் பாதிக்குப் பதில்: தேவைப்படாது, அம்மா. நான் சேர்ந்து ஆறு மாதம் வரை ஒரு தொகையீடுகூடப் போட்டதில்லை. பாலிசிதாரர்களின் பிறந்த தேதிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மாதவாரியாக எண்ணிப் பார்த்தால், மற்ற மாதங்கள் எல்லாம் வரப்பு மாதிரி கிடக்க, ஜூன் மட்டும் பனைமரமாக நிமிர்ந்து நிற்கிறது. ஜூனில் மட்டும் இத்தனை பிரசவமா என்று மேலாளரிடம் ஓடினேன். அவர் தலையைத் தூக்காமலே, "உங்கள் பிறந்த தேதி என்ன?" என்றார். ஜூன் 1. ஆனால் என் அம்மா சொல்வது, நான் ஐப்பசி அடைமழையில் மஞ்சக்குப்பத்தில் பிறந்தவன் என்று! பள்ளியில் சேர்க்க ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டுமே. தலைமையாசிரியர் ஒரு தேதியைப் போட்டுக் கையெழுத்திட்டுவிட்டார். அந்தப் புண்ணியத்தில் ஐந்து மாதம் முன்னதாகவே ஓய்வு பெற்றேன். ஐந்து மாதச் சம்பளம் போனது தனிக்கதை.

நான் எப்போதும் சொல்வது இதைத்தான்: எண்ணைப் பார்க்குமுன் அதை எழுதிய கையைப் பாருங்கள். வால்நட்சத்திரக்காரர் ஹாலியை எல்லோருக்கும் தெரியும். 1693இல் பிரெஸ்லாவ் நகரத்துப் பிறப்பு, இறப்புப் பதிவுகளை வைத்து ஆயுள் அட்டவணை ஒன்றை வெளியிட்டார். அந்தப் பதிவுகளைத் திரட்டிக் கொடுத்தவர் அதே நகரத்தில் இருந்த நியூமான் என்ற பாதிரியார். எந்த வயதில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று அவர் தொகுத்து வைக்காமல் போயிருந்தால் ஹாலி எதைக் கணக்குப் போட்டிருப்பார்? பயிற்சிக் காலத்தில் நீங்கள் ஹாலி அல்ல, நியூமான். இதில் குறைவு ஒன்றும் இல்லை.

தேர்வு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்திய ஆக்சுவரிகள் நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை தேர்வு நடத்துகிறது. புள்ளியியல் மாணவியாயிற்றே, படித்த சூடு ஆறுவதற்குள் சி.எஸ்.1 என்ற புள்ளியியல் தாளை எழுதிவிடுங்கள். அதில் ஒரு பகுதி கணினியில், ஆர் (R) என்ற நிரல்மொழியில். கையால் போட்டுப் பழகியவர்கள் அங்கேதான் தடுமாறுகிறார்கள். நான் ஒரு தாளில் மூன்று முறை தோற்றவன். அலுவலகத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, வீட்டில்தான் எடுத்துக்கொண்டார்கள். சேருமுன் மூன்றைக் கேட்டுவிடுங்கள்: படிப்பு விடுப்பு எத்தனை நாள், தேர்வுக் கட்டணம் யார் கட்டுவது, தோற்றால் மறுமுறைக்கும் கட்டுவார்களா.

எல்லோரும் தேர்வையும் சம்பளத்தையுமே கேட்கிறீர்கள். 'தானே' புயலைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. 2011 டிசம்பர் 30 காலை, நம் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் என் மாமா தோப்புக்குப் போய்ப் பார்த்தேன். பலா எல்லாம் ஒரே திசையில் தலைவைத்துப் படுத்திருந்தது. நின்றவை இரண்டே மரம். மாமா ஒன்றும் பேசவில்லை. அந்த இரண்டில் ஒன்றைத் தட்டிக்கொண்டே இருந்தார். ஆயுள் அட்டவணை ஏன் பலிக்கிறது? ஒருவர் சாவுக்கும் அடுத்த தெருக்காரர் சாவுக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. ஒருவர் எப்போது போவார் என்று தெரியாவிட்டாலும் லட்சம் பேரில் எத்தனை பேர் என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். புயலில் அது நடக்காது. ஒரு மரம் விழுந்தால் பக்கத்து மரமும் விழுகிறது, பக்கத்துத் தோப்பும் விழுகிறது. பாலிசியின் எண்ணிக்கையைக் கூட்டினால் ஆபத்து பல இடங்களில் பிரிந்து குறைந்துவிடும் என்று நம்பி, எல்லாவற்றையும் ஒரே கடற்கரையில் விற்றவன் கதி என்ன?

சேர்ந்த முதல் வாரத்தில் உங்கள் மேலாளரிடம் கேளுங்கள்: இப்படிப் புயல் அடித்த ஒரு வருடத்தின் இழப்பைச் சராசரியில் சேர்ப்பீர்களா, தனியே எடுத்துவைப்பீர்களா? தனியே வைப்போம் என்றால், எங்கே வைப்பீர்கள்? அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதி அனுப்புங்கள்.