காத்திருப்போர் வகுப்பு

(அமெரிக்காவில் ஒரு தமிழ்ச் சங்கத்தின் மகளிர் நாள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களே, பல அலுவல்களுக்கிடையே வந்திருந்து இவ்விழாவைத் தொடங்கி வைத்த நகர மன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் முதல்வர் அவர்களே, தம் வாழ்த்துரையைச் சுருக்கிக்கொண்டு எனக்கு நேரம் ஈந்த செயலாளர் அவர்களே, வரவு செலவுக் கணக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு மேடையில் அமர்ந்திருக்கும் பொருளாளர் அவர்களே, சமையற்கூடத்திலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் உணவுக் குழுச் சகோதரிகளே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். முன்னாள் தலைவர்கள் மூவர் முன்வரிசையில் இருப்பதாக இப்போதுதான் சீட்டு வந்தது. அவர்களுக்கும் என் வணக்கம் உரித்தாகுக.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, இந்நாட்டில் வெள்ளையரல்லாத பெண்களின் தலைமைப் பயிற்சியும் தன் வளர்ச்சியும் என்பது. மூன்று செய்திகளைச் சொல்ல எண்ணி வந்தேன். அத்தகைய பயிற்சி எங்கிருந்து கிளைத்தது என்பது ஒன்று. அலுவலகங்களில் நம் பெண்கள் எந்தப் படியில் நின்றுவிடுகிறார்கள் என்பது மற்றொன்று. ஊதியம் பேசுவது எப்படி என்பது மூன்றாவது. இம்மூன்றுக்கும் பொதுவாக, நான் எந்த மேடையில் ஏறினாலும் விடாமல் சொல்லும் பழமொழி ஒன்று உண்டு: ஏழை சொல் அம்பலம் ஏறாது.

இன்று தலைமைப் பயிற்சி என்பது பெரிய தொழிலாகிவிட்டது. மணிக்கு நூற்றுக்கணக்கான டாலர் வாங்கும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். மேல்நிலை அலுவலர்களுக்கு அந்தக் கட்டணத்தை நிறுவனமே செலுத்திவிடுகிறது. அவர்களுள் நல்லவர்கள் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்களிடம் செல்லும் நம் பெண்ணுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் முதல் மருந்து, ‘உனக்குத் தன்னம்பிக்கை போதவில்லை, குரலை உயர்த்திப் பேசு’ என்பதே. கதவு வெளியே தாழிடப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல், தட்டத் தெரியவில்லை என்று அவளையே குறை சொல்வது எனக்கு உடன்பாடில்லை.

அந்தத் தாழ்ப்பாள் எத்தகையது என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். செயின்ட் லூயிஸ் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மீது ஐந்து கறுப்பினப் பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். கடைசியாகச் சேர்ந்தவரை முதலில் நீக்கும் முறையில் ஆட்குறைப்பு நடந்தபோது, 1970-க்குப் பிறகே அங்கே வேலை பெற்றிருந்த கறுப்பினப் பெண்கள் எல்லாரும் வெளியேற நேர்ந்தது. நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறது, கறுப்பினத்தவரையும் எடுத்திருக்கிறது. இரண்டு பாகுபாட்டையும் சேர்த்து ஒரே முறையீடாகக் கொண்டுவர இடமில்லை என்று 1976-இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தப் பெண்கள் யார், அந்தக் கறுப்பினத்தவர் யார் என்று பார்த்தால், அலுவலகத்தில் இருந்தவர்கள் வெள்ளைப் பெண்கள், தொழிற்கூடத்தில் இருந்தவர்கள் கறுப்பின ஆண்கள். இடையில் நின்றவள் எந்தக் கணக்கிலும் வரவில்லை. சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989-இல் இந்த வழக்கை எடுத்து விளக்கிய பிறகே இப்படி ஓர் இடைவெளி இருப்பது பலர் கண்ணில் பட்டது.

இனிப் பயிற்சி கிளைத்த இடத்திற்கு வருகிறேன். இதைச் சற்று விரிவாகவே சொல்ல அவையோர் அனுமதிக்க வேண்டும்; செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது எனக்குத் தெரிகிறது.

தென் கரோலினா மாநிலத்தில் செப்டிமா கிளார்க் என்றோர் ஆசிரியை இருந்தார். 1898-இல் பிறந்தவர், நாற்பது ஆண்டுகள் பள்ளியில் பாடம் சொன்னவர். கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தில் உறுப்பினராக இருக்கும் அரசு ஊழியர் அச்சங்கத்தை விட்டு விலக வேண்டும் என்று மாநிலம் சட்டம் கொண்டுவந்தது. விலக மாட்டேன் என்றார். 1956-இல் வேலை போயிற்று, ஓய்வூதியமும் போயிற்று. தொழிலாளர்க்கும் உரிமைப் போராளிகளுக்கும் பயிற்சி தந்த, டென்னசியில் இருந்த ஹைலேண்டர் நாட்டுப்புறப் பள்ளி அவரை அழைத்துக்கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டுக் கோடையில் அங்கே அவர் நடத்திய பட்டறைக்கு வந்து அமர்ந்திருந்தவர்களுள் ஒருவர் ரோசா பார்க்ஸ். அதே ஆண்டு டிசம்பரில் மாண்ட்கோமரியில் வெள்ளையருக்காகப் பேருந்து இருக்கையை விட்டு எழ மறுத்தவர் அவர்தான். களைத்துப்போன ஒரு தையற்காரி தற்செயலாக எழவில்லை என்று கதை சொல்பவர்கள் அந்தப் பட்டறையை விட்டுவிடுகிறார்கள்.

சார்ல்ஸ்டன் நகருக்கு அருகே ஜான்ஸ் தீவு. அங்கிருந்து கூலியாட்களை நகருக்கு ஏற்றிச் சென்ற ஈசாவ் ஜென்கின்ஸ் என்பவரின் பேருந்தில், ஒரு பெண் தனக்கு எழுத்து கற்றுத் தந்தால் வாக்காளராகப் பதிந்துகொள்வேன் என்று கேட்டாள். மாநில அரசியலமைப்பின் ஒரு பகுதியைப் படித்துக் காட்டினால்தான் அங்கே வாக்குரிமை. தீவு மக்கள் ஒரு பழைய கட்டடத்தை வாங்கி, முன்புறம் மளிகைக் கடை வைத்து, பின்புறத்தில் வகுப்பு அமைத்தார்கள்; கடையென்றால் வெள்ளையர் கண்ணை உறுத்தாது அல்லவா? ஆசிரியையாகக் கிளார்க் அனுப்பியது தம் உறவுப் பெண்ணான பெர்னிஸ் ராபின்சனை. அவர் அழகு நிலையம் நடத்தியவர், தையல் தெரிந்தவர், ஆசிரியப் பயிற்சி இல்லாதவர். அவரைத் தேர்ந்ததில் ஒரு சூட்சுமம் இருந்தது: அவருடைய வாடிக்கையாளர் எல்லாரும் கறுப்பினப் பெண்கள், ஆதலால் எந்த வெள்ளை முதலாளியும் அவர் சோற்றில் கைவைக்க முடியாது.

1957 ஜனவரி 7-ஆம் நாள் இரவு, பதினான்கு பேர் வந்து அமர்ந்தார்கள். ராபின்சன் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளின் பாடப் பொருள்களைக் கொண்டு வந்திருந்தார். வயற்காட்டில் உழைத்துக் காய்த்த கைகளைப் பார்த்ததும் அவற்றை ஓரமாக வைத்துவிட்டார். நான் உங்களுக்கு ஆசிரியை அல்லள், சேர்ந்து கற்போம் என்ற பொருள்படப் பேசிவிட்டு, உங்களுக்கு என்ன கற்க வேண்டும் என்று கேட்டார். பெயரெழுத வேண்டும் என்றார்கள். பைபிள் படிக்க வேண்டும், அஞ்சல் வழிப் பணவிடைத் தாள் நிரப்ப வேண்டும், கடைப் பட்டியலைப் பார்த்துப் பொருள் வரவழைக்க வேண்டும் என்றார்கள். அவையே பாடத்திட்டம் ஆயின. சுவரில் ஐ.நா. மனித உரிமைப் பிரகடனத்தை ஒட்டி வைத்தார்.

அந்த வகுப்பில் எழுத்தே அறியாத மூதாட்டி ஒருவர் இருந்தார், அறுபதைக் கடந்தவர். ஒருநாள் ராபின்சன் எல்லார் பெயரையும் பலகையில் எழுதிவிட்டு, உங்கள் பெயர் எது என்று கேட்டார். அந்த அம்மாள் எழுந்து வந்தார். ஆசிரியையின் கையிலிருந்த அளவுகோலை வாங்கிக்கொண்டார். பலகையில் தேடி, ஒரு சொல்லின் மேல் கோலை வைத்து, இது என் பெயர் என்று எழுத்துக் கூட்டினார்; பிறகு இன்னோரிடத்தில் வைத்து, இது என் குடும்பப் பெயர் என்று அதையும் கூட்டினார். தமக்கு மயிர்க்கூச்செறிந்தது என்று ராபின்சன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். (இங்கே அவையில் நெடுநேரம் கைதட்டல்.) நீங்கள் கைதட்டுவது நியாயமே. ஆனால் அவர் அளவுகோலைத் தாமே வாங்கிக்கொண்டார் என்பதைக் கவனியுங்கள். அதை யாரும் அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

ஏழை சொல் அம்பலம் ஏறாது. இந்த வகுப்புகள் 1961-இல் டாக்டர் மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்புக்கு மாறித் தென் மாநிலங்கள் எங்கும் பரவின. அங்கும் என்ன நடந்தது? நிர்வாகக் குழுவில் கிளார்க் எதற்கு என்று உடனிருந்த தலைவரே திரும்பத் திரும்பக் கேட்டார். எல்லா ஊர்வலத்துக்கும் நீங்களே தலைமை தாங்க வேண்டாம், அந்தந்த ஊரில் தலைவர்களை வளர்த்துவிடுங்கள் என்று கிளார்க் கிங்குக்கு ஒரு கடிதம் எழுதினார். அது அலுவலகத்தில் எல்லார் முன்னும் படிக்கப்பட்டது; எல்லாரும் சிரித்தார்கள். மகாத்மாக்களின் அம்பலத்திலும் படிக்கட்டு உண்டு என்பதை நம் ஆண் நிர்வாகிகள் மனத்தில் கொள்ளலாம்.

கிளார்க்கின் பயிற்சிக்கு 1963-இல் வந்தவர்களுள் மிசிசிப்பியின் பருத்திக் காட்டுத் தொழிலாளி ஃபேனி லூ ஹேமரும் ஒருவர். ஊர் திரும்பும் வழியில் வினோனா சிறையில் அவரைக் கொடுமையாக அடித்தார்கள். மறு ஆண்டு அட்லாண்டிக் சிட்டியில், ஜனநாயகக் கட்சி மாநாட்டுக் குழுவின் முன் அவர் அதைச் சொன்னபோது, தொலைக்காட்சி நேரலையைத் தம் பக்கம் திருப்புவதற்காகக் குடியரசுத் தலைவர் ஜான்சனே அவசரமாகச் செய்தியாளரைக் கூட்டினார். அன்று மாலை தொலைக்காட்சிகள் அந்த உரையை எடுத்துப் போட்டன, நாடு முழுதும் கேட்டது. ஏழை சொல் அன்று அம்பலம் ஏறியது.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று பின்வரிசையில் ஓர் ஐயா முணுமுணுப்பது கேட்கிறது. தமிழ்க் குடும்பத்துச் சியாமளா கோபாலன் 1958-இல் பத்தொன்பது வயதில் தனியே பெர்க்லிக்குப் படிக்க வந்தார். கறுப்பின மாணவர்கள் கூடிப் படித்து விவாதித்த வட்டத்தில் போய் உட்கார்ந்தார். அவர் மகள் பின்னாளில் இந்நாட்டின் துணைக் குடியரசுத் தலைவரானதை மட்டும் நாம் சுவரொட்டியில் போட்டுக்கொண்டோம். தாய் உட்கார்ந்த வட்டத்தை விட்டுவிட்டோம்.

இரண்டாவது செய்திக்கு வந்தால், எச்-4 விசாவில், அதாவது எச்-1பி பணி விசாக்காரரின் துணைவருக்குத் தரும் விசாவில், வந்த நம் பெண்களைத்தான் சொல்ல வேண்டும். அவர்களுள் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி கிடைத்ததே 2015 மே மாதத்தில்தான். அதற்கு முன் பட்டங்களைப் பெட்டியில் வைத்திருந்தவர்கள் எத்தனை பேர்! ஊதியம் பேசுவது பற்றித் தனியே ஒரு கூட்டம் போட வேண்டும், இன்று நேரமில்லை.

ஏனெனில் நான் சொல்லியே தீர வேண்டியது நம் பள்ளி நடைபாதையைப் பற்றியது. சனிக்கிழமை காலை, பிள்ளைகள் உள்ளே ‘அ’ எழுதும் இரண்டு மணி நேரமும் தாய்மார் வெளியே காத்திருக்கிறார்கள். ஒருவர் சுவரோரம் தரையில் மடிக்கணினியுடன். ஒருவர் காரில் இருக்கையைச் சாய்த்துத் தூக்கத்துடன். நால்வர் பிளாஸ்க் காப்பியைச் சுற்றி. மருத்துவமனை இரவுப் பணி முடித்து நேரே வந்தவரும் அங்கே இருக்கிறார், மென்பொருள் குழுவொன்றை நடத்துபவரும் இருக்கிறார், வேலை தேடிக்கொண்டிருப்பவரும் இருக்கிறார். ஜான்ஸ் தீவில் ஓர் இரவு வகுப்பும் இரண்டு மணி நேரந்தான். அவர்களுக்குப் பகலெல்லாம் வயல்வேலை இருந்தது. நமக்குக் காலி அறையே இருக்கிறது, நடைபாதையின் கோடியில், உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்த அறை.

அந்த அறையில் காத்திருப்போர் வகுப்பு ஒன்று தொடங்க வேண்டும். பாடத்தை அவர்களே சொல்லட்டும். என் எண்ணத்தைக் கேட்டால், கூட்டத்துக்குத் தலைமை தாங்குவது, வரவு செலவு அறிக்கையைப் படித்துக் கேள்வி கேட்பது, சங்க விதிகளைத் தெரிந்துகொள்வது, மேலாளரிடம் பதவி உயர்வு பேசி ஒத்திகை பார்ப்பது என்று தொடங்கலாம். கட்டணம் கூடாது, விலையுயர்ந்த பேச்சாளரும் வேண்டாம், வாரம் ஒருவர் மற்றவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். நம் கூட்டங்களில் பெண்கள் பேசுவதில்லை என்று மதிப்பிற்குரிய முன்னாள் தலைவர் ஒருவர் வருந்திச் சொன்னதுண்டு. ஏழை சொல் அம்பலம் ஏறாத இடத்தில் பேசி என்ன பயன் என்றுதான் அவர்கள் வாய் திறக்கவில்லை. இந்த வகுப்பில் பயின்ற ஒருவரை ஒவ்வொரு பொதுக்குழுவுக்கும் தலைமை தாங்க விட வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்கிறேன். பயிற்சி தந்துவிட்டு மேடையைத் தராவிட்டால் அது நேரப்போக்கு.

பொருளாளர் அவர்களிடம் நான் பணம் கேட்கவில்லை. அறைச் சாவியும், நாற்காலிகளைச் சரிசெய்ய இரண்டு தன்னார்வலரும் போதும். வரும் பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக முன்மொழிகிறேன். விதிப்படி வழிமொழிய ஓர் உறுப்பினர் வேண்டும். விருப்பமுள்ளவர் உணவு இடைவேளையில் தம் உறுப்பினர் எண்ணை என்னிடம் எழுதித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.